வெண்மையாக்கும் கிரீம்களில் பாதரசம்: பொறுப்பேற்க ஓர் அலுவலகம் கோரும் மனு

பெறுநர்:
தலைவர், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, வொக்ஸோல் வீதி, கொழும்பு 02.

பிரதிகள்:
சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம்
சுங்கப் பணிப்பாளர் நாயகம்
பணிப்பாளர் நாயகம், இலங்கைக் கட்டளைகள் நிறுவனம்
மாநகர ஆணையாளர், தெஹிவளை – கல்கிசை மாநகர சபை

அனுப்புநர்:
இரத்மலானை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளின் அழகுக்கலைப் பணியாளர்களும் பாவனையாளர்களும் சேர்ந்த சங்கம், இரத்மலானை.

பொருள்: அழகுசாதனப் பொருட்களில் பாதரசம், ஈயம் முதலிய பார உலோகங்கள் கலந்திருத்தல்

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

எமது சங்கத்தில் பார்லர் நடத்துவோர், அங்கு வேலை செய்யும் பிள்ளைகள், கிரீம் வாங்கிப் பூசுவோர் என எல்லோரும் இருக்கிறோம். ஒரே கிரீம் பூசிவிடுபவரின் விரலிலும் பூசிக்கொள்பவரின் முகத்திலும் படுவதால் இம்மனுவைச் சேர்ந்தே எழுதுகிறோம்.

புறக்கோட்டையில் மொத்தமாக இறங்கும் வெண்மையாக்கும் கிரீம்கள் காலி வீதிப் பார்லர்களுக்கும் கொட்டாஞ்சேனை பேன்ஸிக் கடைகளுக்கும் வருகின்றன. இரத்மலானைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் தங்கும் போடிங் வாசல் வரைக்கும் போகின்றன. இப்போது வட்ஸ்அப்பில் ஓர்டர் கொடுத்தாலும் வீட்டுக்கு வந்துவிடும். பல டப்பிகளில் இறக்குமதியாளரின் பெயரோ தொகுதி இலக்கமோ உள்ளடக்கமோ இல்லை. சிலவற்றில் ஒரு வரி மட்டும் உண்டு: தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும். பாதரசம் தங்கத்தோடு கலந்து அதை வெளிறச் செய்யும் என்பது நகைக்கடைக்காரர் எவருக்கும் தெரிந்த விடயம். தாலிக்கொடிக்கு ஆகாததைக் கழுத்தில் தேய்க்கச் சொல்லி விற்கிறார்கள்.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாகத் தேவையான நொதியத்தைப் பாதரசம் தடுக்கிறது. அதனால் சில வாரங்களில் நிறம் வெளுப்பது உண்மைதான். வாடிக்கையாளர் மறுபடியும் அதே டப்பியைக் கேட்பதும் அதனால்தான். தோல் வழியே உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தில் தங்குகிறது. கர்ப்பிணியிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும். பூசாதவர்களும் தப்புவதில்லை. துவாயிலும் தலையணை உறையிலும் ஒட்டிய கிரீமிலிருந்து ஆவியாகி, அதே அறையில் படுக்கும் குழந்தையின் மூச்சிலும் கலக்கிறது.

கேரளத்தின் கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் 22 பேர் கண்டறியப்பட்டனர். அவர்களில் 15 பேரிடம் அபூர்வமான ஒரே புரத அடையாளம் தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் வெண்மையாக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினர் என்று அம்மருத்துவர்களே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் கால் வீங்கி வைத்தியரிடம் போகும் ஒரு பெண்ணிடம் "முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?" என்று கேட்கப்படுகிறதா என்பதே எமது கவலை.

இனி சட்டத்துக்கு வருகிறோம். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனப் பொருட்கள் இருந்தன. அதற்குப் பதிலாக வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைச் சட்டம் மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் எடுத்துக்கொண்டது. சாதாரண முகக் கிரீம் நடுவில் விடுபட்டுப் போனது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உணவுச் சட்டத்தின்படி காலாவதியான பிஸ்கட்டைக் கைப்பற்றலாம். அதே கடையில் பக்கத்துத் தட்டில் இருக்கும் கிரீமுக்கு அந்த அதிகாரம் செல்லாது. எமது உறுப்பினர் ஒருவர் முகம் புண்ணாகி, டப்பியையும் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே இன்னோர் அலுவலகத்தைச் சொன்னார்கள். அங்கே ஆய்வுக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கேட்டார்கள். டப்பி இன்னும் அவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

தங்கள் சபை சுற்றிவளைப்புகள் நடத்துவதை அறிவோம், நன்றியும் சொல்கிறோம். எனினும் சுற்றிவளைப்பு முடிந்த மறுவாரம் அதே பொருள் வேறு லேபலோடு வந்துவிடுகிறது. ஆகவே எமது முதற் கோரிக்கை, மற்றெல்லாவற்றையும்விட முக்கியமானது, இதுதான்: அழகுசாதனப் பொருள் பற்றிய முறைப்பாட்டை ஏற்று, மாதிரியை அரச செலவில் பரிசோதித்து, முடிவை முறைப்பாட்டாளருக்கு எழுத்தில் தரும் பொறுப்பு ஒரே அலுவலகத்துக்கு உரியதென வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு லேபல், பொதி, விற்பனை பற்றிப் பணிப்புரை விடுக்கவும், 12ஆம் பிரிவு தரங்களை நிர்ணயிக்கவும் தங்களுக்கு அதிகாரம் தந்திருப்பதால் அந்த அலுவலகம் தங்களுடையதாக இருப்பதே பொருத்தம். அழகுசாதனத்துக்கெனத் தனிச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பரிசோதனை முடிவுகள் பொருளின் பெயர், தொகுதி இலக்கம், கண்டறிந்த அளவு ஆகியவற்றோடு மூன்று மொழிகளிலும் மாதந்தோறும் வெளிவர வேண்டும். "தரமற்ற கிரீம்கள் குறித்து அவதானமாக இருங்கள்" என்ற அறிவித்தலால் எமக்குப் பயனில்லை. எந்த டப்பியை எடுக்கக்கூடாது என்று சொல்லுங்கள்.

சுங்கத்துக்கு: 3304ஆம் சுங்கத் தலைப்பின் கீழ் வரும் அழகுசாதனச் சரக்குகளைத் துறைமுகத்திலேயே கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியால் சோதிக்கலாம். மிகுந்த பாதரசம் இருந்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சந்தேகத்துக்கிடமானதை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும். பயணப்பொதியிலும் கூரியரிலும் வருவதையும் விட்டுவிடக் கூடாது.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சமவாயத்தில் இலங்கை 2017இல் சேர்ந்தது. பாதரசம் ஒரு மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் உள்ள அழகுசாதனங்களை 2020உடன் நிறுத்த வேண்டுமென்று அச்சமவாயம் சொன்னது. 2023இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் அந்த வரம்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த எதுவும் 2025க்குப் பின் கூடாதென்று முடிவெடுத்தன. கபோன், ஜமைக்காவுடன் இலங்கையும் சேர்ந்த, 14 மில்லியன் டொலர் பெறுமதியான ஐ.நா. திட்டம் ஒன்றும் 2023இல் தொடங்கியது. அதனால் காலி வீதியில் எந்தக் கடையின் தட்டு வெறுமையாயிற்று என்ற விபரத்தைக் கேட்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சோதிக்கும்படி நாம் கேட்கவில்லை. லிப்ஸ்டிக் சாயத்தில் சுவடாக ஒட்டி வரும் ஈயத்தையும் கிரீமில் வேண்டுமென்றே கொட்டிய பாதரசத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முதலில் கிரீமும் சவர்க்காரமும். அடுத்து, குழந்தையின் கண்ணுக்குப் பூசும் சுர்மா; அதில் சில வகைகள் ஈயக் கல்லை அரைத்தே செய்யப்படுகின்றன. ஈயத்தில் குழந்தைக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றும் இல்லை. பிறகு கோயில் வீதிகளில் உதிரியாக விற்கும் குங்குமம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்ததா, ஈயச் செந்தூரமா என்பது கண்ணுக்குத் தெரியாது.

சங்கம் தன் பங்குக்கும் சிலவற்றைத் தீர்மானித்திருக்கிறது. உள்ளடக்கமும் இறக்குமதியாளர் விலாசமும் இல்லாத கிரீமை எமது பார்லர்களில் திறப்பதில்லை. பின்னறையில் இரண்டு மூன்றைக் கலந்து "ஸ்பெஷல் நைட் கிரீம்" என்று கொடுப்பதில்லை. பாதரசத்தைக் குறிக்கும் கலோமல், மெர்கியூரிக் அயடைட், அமோனியேற்றட் மெர்கியூரி என்ற பெயர்களை உறுப்பினர்களுக்குப் படிப்பிக்கிறோம். ஏற்கெனவே பூசியவர்களிடம் நிறுத்தச் சொல்கிறோம். துவாயையும் உறையையும் மாற்றி, சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறோம். களுபோவில போதனா வைத்தியசாலையில் இதற்கென ஒரு வழிகாட்டல் இருந்தால் அவர்கள் அலைய மாட்டார்கள். பெண் பார்க்க வருபவர்கள் நிறம் கேட்பதை நிறுத்தும் அதிகாரம் எந்தச் சபைக்கும் இல்லை என்பதால் அதை இம்மனுவில் சேர்க்கவில்லை.

கடைசியாக, பாதி பாவித்த டப்பிகளை என்ன செய்வது? குப்பை வண்டியில் போட்டால் நிலத்துக்கும், கழுவிவிட்டால் கால்வாய்க்கும் போகும். மத்திய சுற்றாடல் அதிகார சபையோடு பேசி, மாநகர சபையின் இரத்மலானைப் பிரிவிலாவது ஒரு சேகரிப்பு நிலையம் திறக்க வேண்டுகிறோம். டப்பிகளை மூடி, பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்து தருவோம்.

இம்மனுவுக்கான பதிலைத் தமிழில், எழுத்துமூலம், பொறுப்பான அதிகாரியின் பதவிப் பெயரோடு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவி / செயலாளர்
(சங்க முத்திரை)

இணைப்பு: உறுப்பினர் கையொப்பங்கள், லேபல்களின் நிழற்படங்கள்