கட்டி வச்சா பாதுகாப்பா?

2016 மே 21ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். இலங்கையிலிருந்து அங்க ஏறிய முதல் ஆள் அவர். அதுக்குப் பிறகுதான் மலையேறுற சாமான்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். கஹவத்தையில பனி இல்லை, மழைதான். ஆனா பனிமலைக்காரர்கள் ஒரு வாருக்காகப் போட்ட சண்டை நமக்கும் தேவையானது.

உறைந்த அருவியில ஏறுறவர்கள் இரண்டு கையிலும் பனிக்கோடாலி வைத்திருப்பார்கள். முன்பு அதை மணிக்கட்டோடு வாரால் கட்டிக்கொள்வார்கள். கை நழுவினாலும் கோடாலி கீழே போகாது. உடம்புப் பாரத்தை வார் தாங்கும், விரலுக்கு ஓய்வு. இதுதான் பாதுகாப்பு என்று நீண்டகாலம் நம்பினார்கள்.

பிறகு ஏறுகிறவர்களே குறை சொன்னார்கள். வார் இறுக்கினால் இரத்தம் ஓடாமல் விரல் மரத்துப் போகுது. கையைத் தொங்கவிட்டு உதற முடியல. பனியில ஆணி திருகணும்னா ஒவ்வொரு முறையும் கையைக் கழற்றி மாட்டணும். 2000களில் விரல் தாங்கியோடு வளைந்த கைப்பிடிகள் பரவின. பலர் வாரையே விட்டார்கள். உயரமான பாதையில கோடாலியைத் தொலைக்கப் பயந்தவர்கள் இடுப்புப் பட்டியிலிருந்து இழுபடும் வாரைப் போட்டார்கள். கோடாலி தொலையாது, கையும் கட்டுப்படாது. ஆனா அதில பெரும்பாலானவை விழுகிற ஆளைத் தாங்கச் செய்தவை அல்ல. அதையும் தெரிந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இப்ப நம்ம மலைக்கு வருவோம். புல்லு வெட்டுற மெஷினுக்குத் தோள் பெல்ட் ஒன்று உண்டு. நல்ல பெல்ட்டில் ஒரே இழுவையில் மெஷின் கழன்று விழுகிற கொக்கி இருக்கும். சரிவுல கால் வழுக்கினா உயிரைக் காப்பது அந்தக் கொக்கிதான். ஆனா நான் பார்த்தது வேற. பெல்ட் அறுந்ததும் நைலோன் கயிறு, இரண்டு முடிச்சு. கேட்டா, "இறுக்கிக் கட்டியாச்சு தம்பி, விழாது" என்கிறார்கள். உண்மைதான், மெஷின் தனியா விழாது. ஆளோடு சேர்ந்துதான் விழும், பிளேடு சுத்திக்கொண்டே.

நம்ம கேள்வி இதுதான்: இந்தக் கயிறு யாரைக் காப்பாற்றுது, மெஷினையா, அண்ணனையா?

"குடுத்தாலும் இவனுங்க போடமாட்டானுங்க" என்பது பழைய பல்லவி. பனிமலைக்காரர்களும்தான் வாரைப் போடமாட்டோம் என்றார்கள். அவர்களை யாரும் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லல. கைப்பிடியை மாற்றிக் கொடுத்தார்கள். நம்ம ஆள் கழற்றி வச்சா மட்டும் அது திமிரா? தோளை அறுக்குதா, அளவு சரியா என்று ஒருத்தராவது கேட்டதுண்டா?

சட்டமும் நம்ம பக்கம் அரைகுறையாத்தான் நிக்குது. விபத்துக்குப் பிறகு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கு. விபத்துக்கு முன்னாடி பேசுகிற 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தேயிலை பெக்டரி வாசலோட நின்னுடும். கொழுந்து மலைக்கு ஏறாது.

சம்பளத்துக்காக நாம கத்தினது சரிதான். 2021ல 1000 ரூபா, 2024ல 1350 ரூபா. ஒவ்வொன்றும் போராடி வந்தது. ஆனா அந்தப் பேச்சுவார்த்தை மேசையில ஒரு பெல்ட்டைப் பற்றியும் பேச முடியாதா? அதன் விலை மெஷின் விலையில சின்னப் பங்குதான்.

ஆகவே தோட்டக் கமிட்டித் தலைவர்களிடம் நாம வைக்க வேண்டியது மூன்றே விஷயம். கொக்கி கழலாத மெஷின் மலைக்குப் போகக்கூடாது. பெல்ட் வாங்குமுன் சுமக்கிறவர் தோளில் போட்டுப் பார்க்கணும். அறுந்த அன்றைக்கு வேறு வேலை கொடுத்து முழுப்பேர் போடணும்.

மூன்றாவதுதான் முக்கியம். பேர் போயிடும்னு பயந்துதான் அந்த அண்ணன் நைலோன் கயிற்றைத் தேடுறார்.