அம்மா வீட்டு ஹப்பை மாத்தலாமா?

ஸ்மார்ட் ஹோம் எபிசோட்ல நேரம் காணாமல் விட்ட ஒரு கேள்வி: "பழைய ஹப் நல்லாத்தான் ஓடுது. புதுசு வந்திருக்கு. மாத்தலாமா?"

என்ர பதில் சுருக்கமா இதுதான். ஹப் வேலை செய்யுது, அதுக்கு இன்னும் செக்யூரிட்டி அப்டேட் வருது எண்டா, மாத்தாதேங்கோ. அம்மா அப்பா இருக்கிற வீடெண்டா இன்னும் ஒருக்கா யோசியுங்கோ.

ஏன் அவையின்ர வீட்டைத் தனியாச் சொல்லுறன்? குட்மேய்ஸில எனக்குத் தெரிஞ்ச தமிழ் வீடுகளில ஹப்பை வாங்கிப் பூட்டுறது பிள்ளைதான். அக்கவுண்ட் பிள்ளையின்ர ஈமெயிலில, ஆப் பிள்ளையின்ர போனில. பிறகு பிள்ளை கலியாணம் கட்டி வேற இடம் போயிடும். ஜனவரிக் குளிரில ஹீட்டிங்கோட மல்லுக்கட்டுறது எழுபது வயது அப்பா. முடிவெடுக்கிறவர் ஒருத்தர், அதோட வாழுறவர் இன்னொருத்தர். ஆகவே புது ஹப்பில் என்ன வசதி இருக்கு என்பதைவிட, அது நின்றுபோனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நின்றுபோன கதைகள் நிறைய உண்டு. ரிவோல்வ் என்ற ஹப் 300 டொலர் அளவில் விற்கப்பட்டது. அந்தக் கம்பனியை நெஸ்ட் 2014இல் வாங்கி, 2016 மே மாதம் சேர்வரை மூடியது. அதோடு ஹப்பும் வெறும் பெட்டியாகிவிட்டது. சாம்சங் தன் முதல் ஸ்மார்ட்திங்ஸ் ஹப்பை 2021 ஜூனில் நிறுத்தியது. இங்கே பிரிட்டிஷ் காஸின் ஹைவ் கமெராக்களுக்கும் 2025 ஆகஸ்ட் 1ஆம் திகதியோடு சேவை முடிந்தது.

ஆனா எல்லா முடிவும் ஒரே மாதிரி இல்லை. பிலிப்ஸ் ஹூவின் முதலாவது வட்டப் பெட்டிக்கு 2020 ஏப்ரலில் ஆதரவு நின்றது. வெளியிலிருந்து இயக்க முடியாமல் போனாலும், வீட்டுக்குள்ளே லைட் எரிந்தது. கூகிள் 2025 ஒக்டோபர் 25 அன்று பழைய நெஸ்ட் லேர்னிங் தேர்மோஸ்டாட்டுகளைக் கைவிட்டது. போனில் இயக்கும் வசதி போனது. ஆனால் சுவரில் இருக்கிறதைக் கையால் திருகினால் வீடு சூடாகும், போட்டு வைத்த அட்டவணையும் ஓடும். ரிவோல்வ் வைத்திருந்தவருக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: மூளை எங்கே இருக்கு, வீட்டிலயா, கம்பனியின்ர சேர்வரிலயா?

உங்கட ஹப் எந்த வகை எண்டு கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் போதும். ரவுட்டரை நிப்பாட்டாமல், அதுக்கு வெளியிலிருந்து வாற பிராட்பேண்ட் வயரை மட்டும் கழட்டுங்கோ. இப்ப லைட் எரியுதா? ஹீட்டிங் கூடுதா? எரியாட்டில், மாத்திறதுக்கு அது நியாயமான காரணம். அப்ப மாத்தும்போது, இதே டெஸ்டில பாஸாகிற ஒண்டைத்தான் வாங்க வேணும். இல்லாட்டில் அதே பிரச்சினையைப் புதுப் பெட்டியில காசு குடுத்து வாங்குறம்.

ஆனா எங்கட ஆக்கள் மாத்திறதுக்குச் சொல்லுற காரணங்கள் வேற. "பல்ப் அடிக்கடி கனெக்ஷன் விடுது" என்பது முதலாவது. சிக்பீ, வைஃபை ரெண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸில் பேசும். இங்கே டெரஸ் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கு. இரண்டு பக்கத்து வீட்டு வைஃபையும் உங்கட ஹோலுக்குள்ள நிக்கும். அதுக்குள்ள ஹப்பை ரவுட்டருக்குப் பக்கத்திலயே வச்சா எப்படிக் கேக்கும்? ஒரு மீற்றர் தள்ளி வையுங்கோ, சிக்பீ சனலை மாத்திப் பாருங்கோ. செலவில்லாத வேலை.

இரண்டாவது, "பழசில மேட்டர் இல்லை." மேட்டரின் முதல் பதிப்பு 2022 ஒக்டோபரில் வந்தது. ஆனால் 2015இல் வெளியான ஹூவின் சதுரப் பெட்டிக்கு 2023இல் வெறும் சொப்ட்வெயர் அப்டேட்டாகவே மேட்டர் கிடைத்தது. எட்டு வருஷப் பெட்டி! பெட்டியின் வயசைவிட, கம்பனி அதைப் பார்த்துக்கொள்கிறதா என்பதே முக்கியம்.

அதைத் தெரிந்துகொள்ள சட்டம் கொஞ்சம் உதவுது. 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் விற்கிற இப்படியான சாதனங்களுக்கு, எவ்வளவு காலம் செக்யூரிட்டி அப்டேட் தருவோம் என்று தயாரிப்பாளர் வெளியிட வேண்டும். எல்லாத்துக்கும் ஒரே சுலபமான பாஸ்வேர்ட் போட்டு விற்கவும் ஏலாது. ஆனா இத்தனை வருஷம் தந்தே ஆகவேணும் எண்டு சட்டம் சொல்லேல்ல. அதனால வாங்க முதல் அந்தத் திகதியைத் தேடிப் பாருங்கோ. பிளாக் ஃப்ரைடேயில மலிவா வாற ஹப்புக்குக் கட்டாயம் பாருங்கோ. அப்டேட் முடிய ஒரு வருஷம்தான் இருக்கெண்டா அது மலிவு இல்லை.

"அப்ப ஹோம் அசிஸ்டன்ட் போடலாமே?" எண்டு எங்கட கம்ப்யூட்டர் சயன்ஸ் கூட்டம் கேக்கும். எனக்கும் பிடிக்கும். மூளை முழுக்க வீட்டிலயே இருக்கு, ஒரு கம்பனி மூடினா வீடு இருளாது. ஆனா அதைப் போட்ட நாளிலிருந்து அந்த வீட்டுக்கு சப்போர்ட் டெஸ்க் நீங்கள்தான். அப்டேட் ஒண்டு எதையாவது உடைச்சால் அம்மா ஆருக்கு அடிப்பா? உங்கட ஃபிளாட்டில ஆசைப்படி போடுங்கோ. அம்மா வீட்டில, ஞாயிற்றுக்கிழமைகளில போய் நிக்க ஏலுமெண்டா மட்டும் போடுங்கோ.

அவையின்ர வீட்டுக்கு ஹப்பைவிட முக்கியமான வேலைகள் மூண்டு இருக்கு. ஸ்மார்ட் பல்ப்புக்குப் பதிலா, சுவர் சுவிட்ச்சுக்குப் பின்னால ஸ்மார்ட் ரிலே பூட்டச் சொல்லி எலக்ட்ரிஷியனைக் கேளுங்கோ. ஹப் செத்தாலும் அம்மா கையால லைட் போடலாம். அக்கவுண்டை அவையின்ர ஈமெயிலுக்கு மாத்தி, உங்களை இரண்டாவது ஆளாச் சேருங்கோ. ஹீட்டிங்கைக் கையால கூட்டுறது, குறைக்கிறது எப்படியெண்டு தமிழில ஒரு தாளில எழுதி பிரிட்ஜில ஒட்டுங்கோ.

இவ்வளவும் செய்த பிறகும் புது ஹப் வேணுமெண்டா, தாராளமா வாங்குங்கோ. வயரைக் கழட்டிப் பார்த்தவை, உங்கட வீட்டில எது நிண்டது, எது ஓடினது எண்டு எழுதி அனுப்புங்கோ. அடுத்த எபிசோட்ல அதைப் பற்றிக் கதைப்பம்.