பாவ்லோவின் நாயும் வயல் எலியும்

நாய்க்கு உணவளிக்கும்போதெல்லாம் மணியடித்து வந்தால், நாளடைவில் மணியோசை கேட்ட மாத்திரத்திலேயே அதன் வாயில் உமிழ்நீர் சுரக்கும் என்பது ஆசிரியப் பயிற்சியில் உளநூல் கற்றோர் யாவரும் அறிந்ததே. ருஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் கண்ட இவ்வுண்மை இன்றும் உண்மையே. ஆனால் அதிலிருந்து பெரும்பாலோர் பெறும் பாடம், இரண்டைச் சேர்த்துப் பலமுறை காட்டினால் பழக்கம் படிந்துவிடும் என்பது மட்டுமே. இப்பாடம் குறையுடையது, அக்குறையால் வயலிலும் வகுப்பறையிலும் தீங்கு விளைகிறது.

ஜீரணச் சுரப்பிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற பாவ்லோவ், இவ்வாறு கற்றுக்கொண்ட சுரப்பை 'உஸ்லோவ்னி' என்னும் ருஷ்யச் சொல்லால் குறித்தார். ஒரு நிபந்தனையைப் பொறுத்தது என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அது 'பழக்கப்பட்டது' என்று பொருள்படும் சொல்லாக மாறியது. தமிழின் 'ஆக்கநிலையுறுத்தல்' என்பதும் அவ்வழி வந்ததே. நிபந்தனை மறைந்தது; பழக்குதலே முன்னின்றது.

1960க்குப் பின் நிகழ்ந்த பரிசோதனைகள் அந்த நிபந்தனையை மீட்டுத் தந்தன. லியோன் காமின் என்பவர் எலிகளுக்கு முதலில் ஓர் ஓசையையும் அதையடுத்து மின்னதிர்ச்சியையும் அளித்தார். பின்னர் அவ்வோசையுடன் ஒளியையும் சேர்த்து, அதே அதிர்ச்சியைத் தந்தார். ஒளியும் அதிர்ச்சியும் பலமுறை இணைந்தே வந்தன. எனினும் ஒளியை மட்டும் காட்டியபோது எலிகள் அதற்கு அஞ்சவில்லை என்றே சொல்லலாம். வரப்போவதை ஓசையே முன்னறிவித்துவிட்டதால், ஒளி புதிதாக எதையும் அறிவிக்கவில்லை. எதிர்பார்த்ததற்கும் நேர்ந்ததற்கும் உள்ள வேறுபாடே கற்றலின் அளவை நிர்ணயிக்கிறது என ரெஸ்கோர்லா, வாக்னர் ஆகிய இருவரும் 1972இல் இதனைக் கணித வாய்பாடாக்கினர்.

பலமுறை சேர்ந்து வருதல் போதாது என்பது ஒரு புறமிருக்க, சில வேளைகளில் ஒருமுறையே போதும் என்பதும் தெளிவாயிற்று. உண்டபின் நோயுற்ற எலி அந்த உணவின் சுவையையே வெறுக்கும் என்பதை ஜான் கார்சியாவும் அவருடைய தோழர்களும் நிறுவினர். நோய் சில மணி நேரம் கழித்து வந்தாலும் சுவையே குற்றவாளியாகும். உண்ணும்போது கண்ட ஒளியையோ கேட்ட ஒலியையோ எலி ஐயுறுவதில்லை.

வேளாண்மைக் களப்பணியாளருக்கு இது ஏட்டுச் செய்தியன்று. துத்தநாக பாஸ்பைடு கலந்த தீனியைச் சிறிதளவே தின்று பிழைத்த எலி, பின்னர் அதனைத் தீண்டாது. அடுத்த வாரமும் அதே நஞ்சை அதே தானியத்தில் கலந்து வைப்பது வீண் செலவே. நஞ்சிடுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் வெறும் தீனியை வைக்கும்படி கூறுவது இதனாற்றான். புதிய உணவைக் கண்டு தயங்கும் எலி, ஐயம் தீர்ந்தபின் கொல்லும் அளவுக்கு உண்ணும். பலரும் இதை வீண் வேலையென்று விட்டுவிடுகின்றனர். புரோமாடியோலோன் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் நஞ்சுகள் நாட்கள் சில கழித்தே வேலை செய்வதால், எலி தன் நோயைத் தீனியுடன் இணைப்பதில்லை.

வகுப்பறையில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. மாணவரை அடிப்பதையும் மனத்துன்பத்திற்கு உள்ளாக்குவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்துள்ளது. ஆயினும் அடித்தால்தான் பிழை திருந்தும் என்னும் நம்பிக்கை மறையவில்லை. அடியுடன் பிழை இணையுமென்பது ஆசிரியரின் கணக்கு. மாணவனோ அடியை முன்னறிவிப்பது எதுவோ அதனையே பற்றிக்கொள்கிறான். அது ஆசிரியரின் காலடியோசையாக இருக்கலாம். கணக்குப் புத்தகமாகவும் இருக்கலாம். எப்போது அடி விழும் என்று எவ்வகையிலும் அறிய முடியாதபோது, அறை முழுவதுமே அச்சத்தின் அடையாளமாகிவிடும்.

இவ்வாறு பதிந்த அச்சம் எளிதில் அழிவதுமில்லை. உணவின்றி ஒலியை மட்டும் பலமுறை எழுப்பி நின்றுபோகச் செய்த உமிழ்நீர்ச் சுரப்பு, சிறிது ஓய்வுக்குப் பின் தானாகவே மீண்டும் தோன்றியதைப் பாவ்லோவே கண்டார். அன்பான புதிய ஆசிரியரிடம் ஓராண்டு தைரியமாகக் கணக்குப் போட்ட சிறுவன், கோடை விடுமுறை கழிந்து வந்ததும் கரும்பலகைக்கு முன் மறுபடி நடுங்கினால், அவர் தம் முயற்சி வீணாயிற்றென்று எண்ண வேண்டியதில்லை. இரண்டாம் முறை அச்சம் தணிவதற்கு முதல்முறை அளவுக்குக் காலம் செல்லாது.