பட்டமும் பட்டறையும்

"படிக்கப் போன பிள்ளை கொல்லுப்பட்டறையா வைப்பது?" என்று கேட்டார் என் தந்தையார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி, எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர். வெயிலும் அனலும் தன்னோடு போகட்டும் என்று நினைத்தவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆயினும் எனக்கு வேறு கருத்து இருக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில், அடி ஓட்டையான அலுமினியக் குண்டானைக் கொல்லைப்புறத்தில் உருக்கினேன். அடுப்புக்கரி, துருத்தி, கனத்த இரும்புச் சட்டி; இவ்வளவுதான். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும் என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். உருகிப் பளபளத்து நின்றதை அன்றுதான் கண்டேன். காரைப் பகுதியைச் சேர்ந்த நண்பன் வீட்டில் நெடுநாளாய்க் கிடந்த நத்தைக்கல்லை மணலில் பதித்தெடுத்து, அந்தப் பள்ளத்தில் ஊற்றினேன். (அந்தக் கல்லே ஒரு வார்ப்புதான். கடலடிச் சேறு ஓட்டுக்குள் புகுந்து இறுகிய பின் ஓடு கரைந்துபோக, எஞ்சிய வடிவம் அது!) மணலில் ஈரம் மிகுதி. நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும் என்பதும் தேர்வில் எழுதியதே. உலோகம் சிதறிப் புறங்காலைச் சுட்டது.

புண் ஆறியதும் சுவாமிமலைக்குச் சென்றேன். கொள்ளிடத்தைத் தாண்டினால் அதிகத் தொலைவில்லை. அங்கே ஸ்தபதிகள் மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் செய்த உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசி, நன்கு உலர்த்தி, அச்சைச் சூடேற்றி மெழுகை வடித்துவிடுகிறார்கள். அந்தச் சூடு ஆறுமுன்னே உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஈரத்துக்கு அங்கே இடமே இல்லை! நம் கங்கைகொண்ட சோழபுரத்தின் 11ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனிகளும் மெழுகு வார்ப்பில் பிறந்தவையே. இதைக் கொல்லுப்பட்டறை என்று தள்ளிவிட முடியுமா?

நண்பர்களே, எல்லோரும் வீட்டில் உலை மூட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. 327 பாகையில் எளிதில் உருகும் காரீயம் உடலுக்கு நஞ்சு. பித்தளையை உருக்கினாலோ துத்தநாகம் 907 பாகையிலேயே கொதித்து வெண்புகையாகும். அதைச் சுவாசித்தால் காய்ச்சல் காணும். ஆகவேதான் கேட்கிறேன்: ஆய்வுக்கூடத்தின் பின்புறம், கூரையிட்ட ஒரு மூலை, ஒரு வண்டி மணல், கனத்த கையுறைகள், சனிக்கிழமைதோறும் உடனிருக்க ஓர் ஆசிரியர் – இவ்வளவும் நம் கல்லூரிக்கு இயலாததா?

களிமண் கலந்த மணலில் அச்செடுத்து, வெயிலில் உலர்த்தி, தணலில் சுட்டு, மறுபடியும் வார்த்தேன். ஓரம் சற்று மூளியான அந்த அலுமினிய நத்தையைத்தான், லாரி ரசீதுகள் பறக்காமலிருக்கத் தந்தையார் இப்போது மேலே வைத்திருக்கிறார்.