வரவும் செலவும்: சவரக்கத்தி

சென்ற திங்கள் இப்பகுதியில் பழைய குடைகளைச் செப்பனிடுவது பற்றி நாம் எழுதியதைப் படித்த அன்பர் ஒருவர், சங்கத்து நூலகத்தில் எம்மைக் கண்டு, "குடைக் கணக்கு இருக்கட்டும். முகத்துக்கு ஆகும் கணக்கையும் எழுதுங்களேன்" என்றார். சொல்லும்போது அவர் பார்வை எம் தாடையில் ஒட்டியிருந்த பஞ்சின்மேல் நின்றது. நாம் மடிப்புக் கத்தியால் சவரம் செய்துகொள்ளும் செய்தி காலனியில் பரவிவிட்டது போலும். சிக்கனத்துக்காகச் செய்கிறோம் என்று சிலரும், பித்துப் பிடித்துச் செய்கிறோம் என்று சிலரும் பேசிக்கொள்வதாகக் கேள்வி. இரு சாராருக்கும் பொதுவாகக் கணக்கை முதலில் வைத்துவிடுகிறோம்.

நாம் போய்வந்த சலூனில் ஒரு சவரத்துக்கு 60 ரூபாய். வாரம் இருமுறை என்றால் ஆண்டுக்கு 6,240 ரூபாய். பல அலகுகள் பதித்த புதுமாதிரி ரேசரின் தலை ஒன்றை 200 ரூபாய்க்கு வாங்கிவந்தோம். அது மூன்று வாரம் உழைத்தால் அதிகம். ஆண்டுக்கு 17 தலைகள், 3,400 ரூபாய். இருபுறமும் கூருள்ள பழையமாதிரி பிளேடு ஒன்று 4 ரூபாய். வாரம் ஒன்று வீதம் ஆண்டுக்கு 208 ரூபாய்.

இனி மடிப்புக் கத்தி. சந்தையில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய கத்தி 400, தீட்டுக்கல் 1,800, தோல்வார் 700, பிரஷும் சோப்பும் 450, படிகாரம் 20, நம் கைவரிசையால் கெட்டுப்போன வாயைச் சாணை பிடிக்கக் கொடுத்தது 300. ஆக 3,670 ரூபாய். சலூனோடு ஒப்பிட்டால் ஏழு மாதத்தில் முதல் திரும்பிவிடும். பிளேடோடு ஒப்பிட்டாலோ பதினேழு ஆண்டுகளுக்கு மேலாகும்! அதற்குள் எம் மகனுக்கே மீசை முளைத்துவிடும். ஆகவே, சிக்கனம் கருதி மடிப்புக் கத்தி வாங்க எண்ணும் அன்பர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு ஒரு கட்டுப் பிளேடு வாங்கிவிடலாம். அதனினும் மலிவானது தாடி வளர்ப்பது ஒன்றே.

ஆனால் ஒரு தாடிதான் எம்மை இக்கத்தியிடம் கொண்டுவந்து சேர்த்தது.

எம் தந்தையார் இதே ரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். மழிக்காத முகத்தோடு ஒருநாளும் அவர் வேலைக்குச் சென்றதில்லை என்பதைக் காலனியின் மூத்தவர்கள் அறிவர். அவருடைய கத்தி எம் பாட்டனார் வைத்திருந்தது. கொம்புப் பிடியும், ஜெர்மனியின் ஸோலிங்கன் நகர முத்திரையும் உடையது. சென்ற ஆண்டு ஐப்பசியில் பக்கவாதம் கண்டு அவருடைய வலக்கை விழுந்துவிட்டது. சலூன்காரர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்தோம். பாவம், அவருக்குக் கடையில் ஆட்கள் காத்திருந்தனர். அரைப் பிளேடு செருகிய அவர் கத்தி, தளர்ந்த தோலில் இரண்டு இடங்களில் கீறிவிட்டது. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. மறுமுறை அவர் வந்தபோது இடக்கையை அசைத்து, வேண்டாம் என்றார். பிறகு தாடி வளர்ந்தது. சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு அழைத்தபோது, "இந்த முகத்தோடா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிரவு எம் மனைவி, "வெளியாள்தானே வேண்டாம் என்கிறார்? நீங்கள் செய்துவிட்டால் என்ன?" என்றாள். எம் ரேசரை எடுத்துப்போய்க் காட்டினோம். தந்தையார் தலையசைத்து அலமாரியைக் காட்டினார். அதற்குள்தான் கொம்புப் பிடிக் கத்தி இருந்தது. மடிப்புக் கத்தியை அதுவரை நாம் கையால் தொட்டதுகூட இல்லை.

ஜபல்பூரில் நாம் வேலைக்குப் போகும் வழியில், மதில் ஓரம் முதியவர் ஒருவர் சவரத் தொழில் செய்கிறார். வருவோர் அமரச் செங்கல் போட்டிருப்பார். இந்தியில் செங்கல்லுக்கு ‘ஈண்ட்’ என்று பெயராதலின், இத்தகைய கடைகளை ‘ஈட்டாலியன் சலூன்’ என்று இப்பக்கத்தில் வேடிக்கையாகச் சொல்வர். எய்ட்ஸ் நோயைப் பற்றிய அச்சம் பரவிய பிறகு, ஆளுக்கு ஆள் மாற்றும் அரைப் பிளேடுக்கு மற்றவர்களைப் போல் இவரும் மாறிவிட்டார். அது சரியான மாற்றமே. பழைய கத்தி பெட்டியின் அடியில் கிடந்தது. நாம் விஷயத்தைச் சொன்னதும் அதை எடுத்துத் துடைத்தார். "உங்கள் அப்பாவுடைய கத்தியில் கற்காதீர்கள், பாபுஜி. முதலில் கெடுப்பதற்கென்று ஒன்று வாங்குங்கள்" என்றார். அந்த 400 ரூபாய்க் கத்தி வந்த வரலாறு இதுதான்.

முதல் வாரம் முழுதும் எம்மைத் தோல்வாரில் மட்டுமே இழுக்கவிட்டார். ஜன்னல் கம்பியில் வாரை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியின் முதுகு முன்னே செல்ல, வாய் பின்தொடர இழுக்கவேண்டும். வாரின் கோடியில் கத்தியை முதுகின்மேல் புரட்டித் திரும்பவேண்டும். நாம் அவசரத்தில் வாயின்மேல் புரட்டினோம். தோலும் வெட்டுண்டது, வாயும் மழுங்கியது. மேலே சொன்ன 300 ரூபாய் அங்கே போயிற்று. கல்லில் தீட்டுவது எமக்கு வியப்பாக இருந்தது. காய்கறிக் கத்தியைப் போல் சாய்த்துப் பிடிக்கவேண்டியதில்லை. முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படியுமாறு கிடத்தினால் போதும். கத்தியைச் செய்தவன் முதுகின் கனத்திலேயே சாய்வை அளந்து வைத்துவிட்டான்.

மயிரோ எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. பிறகு கத்தி ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில் இதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தனர். வாய் தேய்ந்து போவதைவிட, மயிர் வளைந்து அழுத்தும் இடத்தில் நுண்ணிய சில்லுகளாகப் பெயர்ந்து போகிறதாம். தண்ணீரில் ஊறிய மயிரை அறுப்பது எளிது. ஆதலின் வெந்நீர்த் துணியை முகத்தில் சிறிது நேரம் போர்த்திவைப்பது வீண் ஆடம்பரமன்று.

எஃகைப் பற்றி இன்னொன்று. ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர் இந்தியாவிலிருந்து சென்ற ‘வூட்ஸ்’ எஃகில் கூரிய கருவிகள் செய்து புகழ்பெற்றார். 1820-ஆம் ஆண்டில் அவரும் விஞ்ஞானி ஃபாரடேயும் சேர்ந்து எஃகுக் கலவைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். ‘வூட்ஸ்’ என்ற பெயர் கன்னடத்து ‘உக்கு’, தமிழின் ‘உருக்கு’ ஆகியவற்றோடு உறவுடையது என்பர் அறிஞர். ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் பழைய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. எம் கையிலுள்ள ஸோலிங்கன் கத்திக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு இல்லைதான். ஆயினும் நினைத்துப் பார்க்க இனிக்கிறது.

இனி இன்பத்துக்கு வருவோம். தை மாதக் குளிரில், விடியுமுன் ஐந்து மணிக்கு எழுவோம். வீட்டில் குளியலறை ஒன்றே. ஆறு மணிக்கு மேல் அது எம் மனைவிக்கும் பள்ளிக்குப் போகும் மகனுக்கும் உரியது. கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து, தோலை இடக்கையால் இழுத்துப் பிடித்து, கத்தியை முகத்தோடு முப்பது பாகை அளவில் சாய்த்து இறக்கும்போது மெல்லிய ஓசை ஒன்று எழும். கோணம் சரியாக இருந்தால் அந்த ஓசை சீராக வரும், பிசகினால் நின்றுவிடும். பார்சல் ஆபீஸில் நாள்முழுதும் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் விடை சொல்லிப் பழகிய எமக்கு, இருபது நிமிடம் ஒரே காரியத்தில் மனம் நிற்பது புதிதாக இருந்தது. நின்றே தீரவேண்டும், இல்லாவிடில் படிகாரம்! முதல் மாதம் கண்ணாடிக்கு முன் நாம் சிந்திய இரத்தத்தைக் கண்டு எம் மனைவி, இந்த யோசனையைத் தானே சொல்லித் தொலைத்தோமே என்று வருந்தினாள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கத்தியை ஒருவரோடு ஒருவர் பகிரலாகாது, வீட்டுக்குள்ளும் கூடாது. சிலவகைக் காமாலையும் எய்ட்ஸும் இரத்தத்தின் வழியே பரவுபவை. சந்தைக் கத்தி எமக்கு, கொம்புப் பிடி தந்தையாருக்கு. சந்தைக் கத்தியையும் நன்கு கழுவிக் கிருமி நீக்கிய பிறகே தொட்டோம். மழைக்காலத்தில் துருப் பிடிக்காமல் இரண்டையும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்கிறோம்.

சித்திரைப் பிறப்புக்கு முந்தின ஞாயிறன்று தந்தையாரை ஜன்னலோரம் நாற்காலியில் அமர்த்தினோம். நீண்ட தாடியை முதலில் கத்தரிக்கோலால் குறைத்து, வெந்நீர்த் துணி போர்த்தினோம். அவருடைய கத்தியை அன்றுதான் முதன்முதலாக விரித்தோம். கை நடுங்கியதை அவர் கண்டிருக்கவேண்டும். பேச்சுச் சற்றுக் குழறினாலும் தெளிவாகவே, "அழுத்தாதே. அதன் கனமே போதும்" என்றார். கழுத்துக்கு வந்தபோது கண்களை மூடிக்கொண்டு முகத்தை மேலே தூக்கிக் கொடுத்தார். எமக்கு நினைவு தெரிந்த நாளாய் அவர் எம்மிடம் எதையும் அப்படி ஒப்படைத்ததில்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று. மோவாயில் மட்டும் ஒரு புள்ளி இரத்தம்.

மகன் கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினான். தந்தையார் அதைப் பார்க்கவில்லை. இடக்கையால் கன்னத்தை மேல்நோக்கித் தடவிக்கொண்டே வந்து, காதுக்குக் கீழே ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்கே கொஞ்சம் இருக்கிறது, தம்பி."

நாம் மறுபடியும் சோப்பைக் குழைத்தோம்.