தெருவோடு போகிற எரு

தரமணியில் வீட்டைச் சுற்றி மண்வெட்டி போட்டால் முதலில் வருவது செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும்தான். கட்டி முடித்தவர்கள் மிச்சம் மீதியைக் கொட்டி நிரவி, மேலே ஒரு லோடு செம்மண் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு மழைக்கு அது இறுகி, வெயிலில் ஓடாகிவிடும். அதில் கத்திரிச் செடி வெளுத்து நின்றால், "ஒரு பிடி யூரியா போடுங்க, ஒரே வாரத்துல கரும்பச்சையாயிடும்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா.

ஆகும்தான். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆனால் மக்கு இல்லாத மண்ணில் அது தங்காது. கொஞ்சம் அமோனியாவாகக் காற்றில் போகும், மீதியில் பெரும்பங்கு ஐப்பசி மழையோடு கீழே இறங்கிவிடும். அதனால் முதலில் மண்ணுக்குப் போடுங்கள், செடிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இயற்கை விவசாயிகள் மட்டும் சொல்வதல்ல இது. பசுமைப் புரட்சியின் முன்னோடி எம்.எஸ்.சுவாமிநாதனே, அது சூடுபிடித்த நேரத்தில், 1968 ஜனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டில் எச்சரித்தார்: மண்வளத்தையும் மண்ணின் கட்டமைப்பையும் காக்காமல் தீவிரச் சாகுபடி செய்தால் நிலம் பாலையாகும் என்று. 1988இல் அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் இதே தரமணியில்தான் இருக்கிறது.

எனக்கு மனசு ஆறாதது இலைக்குப்பை விஷயத்தில். மாசி, பங்குனியில் நம் தெருக்களில் புங்கமும் வேம்பும் தூங்குமூஞ்சியும் கொட்டுகிற இலை கொஞ்சமா? புங்கந்தழை காலங்காலமாக நெல்வயலில் மிதித்த உரம். அதைப் பெருக்கிக் குவித்து வண்டியில் ஏற்றுகிறோம், சில முனைகளில் கொளுத்தியே விடுகிறோம். பிறகு நர்சரிக்குப் போய் மண்புழு உரம் மூட்டையை விலைக்கு வாங்குகிறோம்.

அடியில் ஓட்டை போட்ட பழைய டிரம் ஒன்று போதும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை, மேலே சாணிக் கரைசலோ புளித்த மோரோ. கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், ஒழுகக் கூடாது. நாற்றம் அடித்தால் இன்னும் இலையைப் போட்டுக் கிளறுங்கள். நம்மூர்ச் சூட்டுக்கு இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து உதிரியாகி, புதுமழை வாசம் வரும். அதுவரை பொறுக்க வேண்டும். அரைகுறையாய் மக்கியதைக் கலந்தால், அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்கான தழைச்சத்தையே தின்றுவிடும். பச்சைத் தென்னை நார்க்கழிவைக் கொட்டியவர்களின் செடி மஞ்சளாவது இதனால்தான்.

ஆடி விதைப்புக்கு முன் இரண்டு அங்குலம் பரப்பி, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் தூவிக் கொத்திவிடுங்கள். சென்னை வெயிலில் மக்கு வேகமாகத் தீரும் என்பதால் வருஷாவருஷம் போட்டாக வேண்டும். அதன்மேல் ஒரு சிட்டிகை யூரியா போடுகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை.

மாநகராட்சி ஈரக்கழிவில் உரம் தயாரிக்கிறது, நல்லது. பூங்காவில் விழுகிற இலையையாவது அங்கேயே ஒரு மூலையில் குழியெடுத்து மக்கவைத்து, அந்த மரங்களுக்கே போடச் சொல்லி அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். உங்கள் வார்டில் நீங்களும் கேளுங்கள்.