வருகின்ற கபடிப் பருவம்: ஒரு முன்கணிப்பு

வருவது உரைத்தல் எளிதன்று. உரைத்தது பொய்த்தவிடத்து நண்பர் நகைப்பிற்கு ஆளாதலோ மிக எளிது. இதனை நன்குணர்ந்தும், விடுதி நண்பர் விடாது வற்புறுத்தலின், புரோ கபடிப் போட்டியின் வருகின்ற பதின்மூன்றாம் பருவத்தைக் குறித்து எம் கருத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம். யாம் தீர்க்கதரிசிகளும் அல்லோம். பேர்பெற்ற ஆட்டக்காரரும் அல்லோம். விடுதிக் கூடத்தில் தொலைக்காட்சி முன் அமர்ந்து தொண்டை கட்டுமளவும் ஆரவாரிக்கும் இரசிகர் கூட்டத்தைச் சேர்ந்தோம், அவ்வளவே.

காவிரிக் கரையிற் பிறந்தார்க்கு முன்கணிப்பு புதிய வித்தையன்று. ஆண்டுதோறும் வைகாசி பிறந்ததும், மேட்டூர் அணை சூன் 12 அன்று திறக்குமோ திறவாதோ என்பதே தஞ்சைத் திண்ணைகளின் பேச்சாகும். 2024-ஆம் ஆண்டில் அந்நாளில் அணை திறந்திலது; 2025-இல் குறித்த நாளிலேயே திறந்தது. ஈண்டு நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. குறுவைக்கு நாற்று விடலாமா என்று ஆராயும் உழவன் தன் ஆசையைக் கேட்பதில்லை. அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்றே கேட்கின்றான். நம் இரசிகரோ நேர்மாறானவர். ஏலத்தில் ஒரு பெரும் பெயர் நம் அணிக்கு வந்தது என்று கேட்டதும், கோப்பை நம் கைக்கு வந்ததென்றே துள்ளுகின்றனர். ஆதலின், உழவன் வழியைப் பின்பற்றி, அணிகளின் நீர்மட்டத்தை முதற்கண் பார்ப்போம்.

2014-இல் தொடங்கிய இப்போட்டியில் நம் தமிழ் தலைவாஸ் அணி 2017-இல் வந்து சேர்ந்தது. அவ்வாண்டிலும் 2018-இலும் தன் பிரிவில் அதற்குக் கடையிடமே கிட்டியது. 2019-இல் பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாவதாய் நின்றது. அடுத்த பருவத்தில் பதினோராம் இடம். பின்னர் 2022-இல் அவ்வணி பவன் செராவத் என்னும் புகழ்மிக்க வீரரை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு வீழ்ந்தார். அன்றிரவு எம் வீட்டில் ஒருவரும் சரியாக உண்ணவில்லை. ஆயினும் நடந்தது யாது? பெயர் அறியா இளைஞர் பலர் கூடி ஆடிய அவ்வணியே அரையிறுதி வரை சென்றது. நரேந்தர் என்னும் புதியவர் பாடிச் சென்று புள்ளி குவித்தார். சாகர், சாகில், மோகித் முதலிய இளைஞர் பிடியில் நின்றனர். உத்தரப் பிரதேச அணியைச் சமன்முறி ஆட்டத்தில் வென்று, புனே அணியிடம் 37க்கு 39 என இரண்டே புள்ளியில் தோற்றனர். நம் அணியின் வரலாற்றில் அதுவே உச்சம். 2025-இலோ பவன் செராவத்தும் அர்ஜுன் தேஷ்வாலும் ஆகிய இரு பெரும் பாடகர் ஒருங்கே வந்தனர். முன்னவர் தொடக்கத்திலேயே அணியை விட்டு நீங்கினார்; பின்னவர் தனியே நின்று புள்ளி பல சேர்த்தும், அணி முதல் எட்டு இடங்களுள் வந்திலது.

இவற்றால் விளங்குவது என்னை? பாடிச் செல்வோர் ஆட்டத்தை வெல்வர். பிடித்து நிற்போரே பருவத்தை வெல்வர் என்பதேயாம். பாடகர் ஒருவர் முப்பது வினாடியில் அரங்கை அதிரச் செய்யலாம். ஆயின் எதிரணியார் பாடி வரும்பொழுது எழுவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சங்கிலியாய் நிற்கவேண்டும். மூலையில் நிற்பவன் காலைப் பற்றிய அதே கணத்தில் பக்கத்து நிற்பவன் இடுப்பை மடக்கவேண்டும். அவ்விணக்கம் ஏலத்தில் விலைக்கு வாராது. பல திங்கள் ஒருங்கு பழகியே வரும். மூவரோ அதனினும் குறைந்தோரோ எஞ்சி நின்று பாடகனை மடக்கினால் ‘சூப்பர் டேக்கிள்’ என்று இரண்டு புள்ளி வழங்கும் விதியும், பிடிப்போர் அருமையை உணர்ந்தே அமைந்தது போலும்.

இதனை மறுப்பார் 2017-ஆம் ஆண்டைச் சான்று காட்டுவர். அவ்வாண்டு பர்தீப் நர்வால் என்னும் ஒருவரே பாடி 369 புள்ளி பெற்றுப் பாட்னா அணிக்குத் தொடர்ந்து மூன்றாவது கோப்பையைத் தேடித் தந்தார். மெய்யே; அதனை மறைக்க மாட்டோம். ஆயின் அத்தகையார் ஒருவர் தோன்றுதல் அரிது. அவரை நம்பி அணி கட்டுதல், பெருமழையை நம்பி ஏரியைத் தூர்த்தல் போலும். மேலும், அதே பாட்னா அணி 2016-இல் கோப்பை வென்றபொழுது அதற்குத் தலைமை தாங்கியவர் யார்? நம் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன்! நாற்பது வயதைக் கடந்து, மூலையில் நின்று பிடிப்பவராகவே அவர் அவ்வணியை நடத்தினார். ‘அண்ணா’ என்று வடநாட்டு இளைஞரும் அவரை அழைத்தனர். தமிழகத்துக்கென ஓர் அணி தோன்றுமுன்னரே, காவிரி நாட்டார் ஒருவர் கங்கைக் கரை அணிக்குக் கோப்பை பெற்றுத் தந்தார் என்பதை நம் மாணவர் எத்துணைப் பேர் அறிவர்?

இனி எம் கணிப்பைக் கூறுவோம். முதலாவது, சென்ற பருவத்தில் வென்ற தபாங் டெல்லி அணி இம்முறை கோப்பையைக் காத்துக்கொள்ளாது. பாட்னா ஒன்று நீங்கலாக, எவ்வணியும் அடுத்தடுத்து இருமுறை வென்றதில்லை. இரண்டாவது, கோப்பை புனேரி பல்டன் அணிக்கே செல்லும். அவ்வணி 2022-இல் இறுதியாட்டத்தில் தோற்றது; அடுத்த பருவத்தில் வென்றது; 2025-இல் மீண்டும் இறுதியில் டெல்லியிடம் மூன்று புள்ளியில் தோற்றது. இளைஞரை எடுத்து, வளர்த்து, விடாது வைத்துக்கொள்வதே அதன் முறை. நீர்மட்டம் குறையாத அணை அதுவே. மூன்றாவது, அரியானா அணி முதல் எட்டனுள் நிற்கும். முதல் மூன்றனுள் நில்லாது. நான்காவது, நம் தமிழ் தலைவாஸ். நெஞ்சு கோப்பை என்கின்றது. அறிவு ஆறாம் இடம் என்கின்றது. அறிவின் பக்கமே கையெழுத்திடுகின்றோம். ஆயின் இதற்கும் ஒரு வரையறை உண்டு. ஏலத்தில் மீண்டும் ஒரு பெரும் பாடகர்க்கே பணமெல்லாம் சென்றுவிடின், ஆறு பத்தாகும்.

ஐந்தாவது கணிப்பு ஒன்றுண்டு. அதுவே எம் நெஞ்சிற்கு நெருங்கியது. 2025 அக்டோபரில் பகுரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் பொன் வென்ற இந்திய ஆடவர் கபடி அணியில் மன்னார்குடியை அடுத்த வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் மோகன்தாஸ் ஆடினார். மகளிர் அணியில் சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா ஆடினார். பழைய சடுகுடு மண்ணில் விதை இன்னும் உயிரோடிருக்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. மூன்று பருவங்களுள் டெல்டாவில் வளர்ந்த இளைஞர் ஒருவர் நம் அணியின் மூலையில் நிலையாய் நிற்பார் என்று துணிந்து கூறுகின்றோம்.

இக்கணிப்பை எம் ஊரில், தை அறுவடைக்குப்பின் காய்ந்த வயலில் நடந்த போட்டியின்போது, அண்ணன் ஒருவரிடம் கூறினோம். வலது மூலையில் அவரினும் சிறந்த பிடி எங்கள் சுற்று வட்டாரத்தில் இல்லை. சில ஆண்டுகட்கு முன் ஓர் அணித் தேர்வுக்குச் சென்றவர், மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவராதலின், காலணி இட்டு ஆடும் செயற்கை மெத்தையில் முதல் பிடியிலேயே கால் திருகி முழங்கால் கெட்டுத் திரும்பினார். இன்று அறுவடை இயந்திரம் ஓட்டுகின்றார். எம் கணிப்பு முழுவதையும் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, “தம்பி, கோப்பை யாருக்கென்று பிறகு பார்க்கலாம். நம்ம ஊருக்கு மெத்தை எப்போது வரும்? அதைக் கணித்துச் சொல்” என்றார். விடை கூறமாட்டாது நின்றோம்.

மண்ணில் ஊன்றும் கால் வேறு. மெத்தையில் ஊன்றும் கால் வேறு. இருபது வயது வரை மண்ணிலேயே ஆடியவனை ஒரே நாள் காலையில் மெத்தையில் நிறுத்தித் தேர்வு செய்தல், வாய்க்கால் வெட்டாது அணை திறத்தல் போலும். தண்ணீர் வரும்; வயலுக்கு வாராது. ஆதலின் கல்லூரி அன்பர்க்கும் பழைய மாணவர்க்கும் எம் விண்ணப்பம் ஒன்றே. சுற்றியுள்ள சிற்றூர் இளைஞர்க்குக் கோடை விடுமுறையில் இரண்டு வாரமேனும் மெத்தையில் பழக நாம் வழிசெய்வோமாயின், எம் ஐந்தாம் கணிப்பு கணிப்பாய் நில்லாது பயிராய் விளையும்.

முதல் நான்கும் பொய்ப்பின், நண்பர் வழக்கம்போல் விடுதி உணவுக்கூடத்தில் எம்மை எள்ளி நகையாடுக. அதனை மகிழ்ந்தே ஏற்போம். ஐந்தாவது பொய்ப்பின், அந்நகைப்பில் நம் அனைவர்க்கும் பங்குண்டு என்பதை மட்டும் நினைவூட்டி அமைகின்றோம்.